சேவல் பெட்டி

நெய்யூர்,
4-1-1954

பிரியமுள்ள அத்தானுக்கு,

நானும் பிரேமாவும் சுகமாக வந்து சேர்ந்தோம். தக்கலையில் பஸ் மாற வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்ததும் விழித்துக்கொண்டு, "அப்பா ஏன் பஸ்ஸுக்கு வரல்ல?" என்று கேட்டாள். அப்பாவுக்கு மீட்டிங் என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனாலும் நீங்கள் வந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தவள் நாலு நாளாவது சமாதானமாக இருந்துவிட்டுப் போகவேண்டும் என்றுதான் நினைத்தேன். நம் வீட்டு வாசலில் அந்த ஜீப்பைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. தேர்தலில் நிற்பதை நான் வேண்டாம் என்று சொன்னேனா? தமிழ்த் தாலுகாக்களை மதராஸோடு சேர்க்கிற போராட்டத்துக்காக ஆறு வருஷமாக நீங்கள் ஓடியதை என்னைவிட அறிந்தவர்கள் யார்? லாக்கப்பில் அடைத்த பையன்களுக்கு ஒரு சக்கரம் காசு வாங்காமல் வக்காலத்துப் போட்டீர்கள். அப்போதெல்லாம் நான் ஏதாவது சொன்னது உண்டா?

நான் கேட்டது ஒன்றே ஒன்று. பரமசிவன் முதலாளியின் மர மில்லுக்கு வரும் மரத்தடி எல்லாம் திருவனந்தபுரத்தில் ஏலம் எடுக்கிற காட்டுக் கூப்பிலிருந்து வருவது. நம் தாலுகா மதராஸோடு சேர்ந்தால் அந்த மனிதருக்கு நஷ்டம். அப்படியிருக்க, மதராஸோடு சேரவேண்டும் என்று பேசுகிற உங்களுக்கு அவர் ஏன் ஜீப்பும் மைக்கும் தருகிறார்? இதைக் கேட்டதற்கு, "உனக்கு ஊசி போடத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் விருட்டென்று எழுந்து போய்விட்டீர்கள்.

ஊசி போடுகிறவளுக்கு ஒன்று தெரியும். எதை ஏற்றினாலும் அது உடம்பு முழுக்க ஓடும்.

வயிற்றுவலிக்கு உள்ள பொடியை அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் காப்பி குடிக்க வேண்டாம். பிரேமா உங்களுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள்.

உங்கள்
சுகிர்தபாய்


பாறசாலை,
9-1-1954

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அன்று நான் பஸ்ஸுக்கு வந்திருக்க வேண்டும். வராதது தப்புதான்.

மற்றதற்கு என் பக்கத்தையும் கேள். போராட்டம் நடத்துகிற நம் கட்சி இந்தத் தொகுதியை எனக்குத் தரும் என்று ஊரில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கடைசியில் ராஜையாவுக்குக் கொடுத்தார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். நான்தான் அவனைக் கட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவன். "அவனுக்குச் சொந்தக்காரர் அதிகம், நீ கோர்ட்டைப் பார்" என்று கமிட்டியில் சொன்னார்கள். அப்போது அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தானே தவிர, ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அதை என்னால் மறக்க முடியவில்லை சுகிர்தம்.

அந்த வாரம்தான் முதலாளி வந்தார். மில் கேஸ்களை நான் நடத்துவதால் பழக்கம். "வக்கீலே, கட்சி இல்லாட்டி என்ன? நான் உண்டு. நீரு சுயேச்சையா நில்லும்" என்றார். தாலுகா மதராஸுக்குப் போனாலும் போகாவிட்டாலும் தனக்கு ஒன்றுதான் என்றும், படித்தவன் சட்டசபைக்குப் போகவேண்டும் என்பதுதான் தன் ஆசை என்றும் சொன்னார். தேர்தலுக்குக் கெட்டிவைக்கிற டெபாசிட் பணத்தையும் அவரே கட்டினார். நீயே சொல், ஜீப் இல்லாமல், மைக் இல்லாமல், நோட்டீஸ் அடிக்காமல் இந்தக் காலத்தில் ஒருவன் தேர்தலில் நிற்க முடியுமா? நம்மிடம் என்ன இருக்கிறது?

எனக்குச் சேவல் சின்னம் கிடைத்திருக்கிறது. ஓட்டுச்சாவடியில் மூன்று பெட்டி வைப்பார்கள். ராஜையாவுக்கு ஒன்று, வேலாயுதன் காண்ட்ராக்டருக்கு ஒன்று, சேவல் படம் ஒட்டிய என் பெட்டி ஒன்று. யாருக்குப் பிரியமோ அவருடைய பெட்டியில் சீட்டைப் போடவேண்டும். வேலாயுதன் இந்தத் தாலுகா திருவனந்தபுரத்தோடுதான் இருக்கவேண்டும் என்கிறவர். அவரை ராஜையாவால் தோற்கடிக்க முடியாது. என்னால் முடியும்.

நேற்றுக் குளத்தூரில் எனக்கு ஏழு மாலை விழுந்தது. மைக்கில் என் குரலை நானே கேட்டபோது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. பிரேமாவுக்கு ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். சேவலுக்கு அவள் வர்ணம் தீட்டட்டும்.

உன் பிரியமுள்ள
தேவகுமார்


நெய்யூர்,
19-1-1954

பிரியமுள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் வார்டில் பாறசாலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார்கள். பித்தப்பையில் கல். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெயர் கிருஷ்ணம்மா. துணைக்கு வந்த பெண் இராத்திரியெல்லாம் தூங்கிப்போவதால் எல்லாம் நான்தான் பார்த்தேன். நேற்று அவர்களுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது, "மக்கா, ஒனக்கெ வீடு எங்க?" என்று கேட்டார்கள். பாறசாலை என்றேன். "பாறசாலையில ஆருக்க வீடு?" "வக்கீல் தேவகுமாருக்க வீடு."

அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு அட்மிஷன் சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அவர்கள் பரமசிவன் முதலாளியின் வீட்டம்மா என்று.

இன்று காலை காய்ச்சல் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மக்கா, நீ எனக்கெ பீயும் மூத்திரமும் அள்ளினவ. ஒனக்கிட்ட மறைச்சா எனக்கு ஒறக்கம் வராது. எங்க வீட்டுக்காரரு பணம் எறக்குதது ஒனக்கெ மாப்பிள ஜெயிக்கதுக்கு இல்ல. அந்த ராஜையா தோக்கதுக்காக்கும். ராஜையாவுக்கு விழுகிற ஓட்டுல பாதிய ஒனக்கெ மாப்பிள பிரிச்சா போதும். பின்ன வேலாயுதன் ஜெயிச்சுப் போவான். வேலாயுதனுக்கு செலவு செய்யுததும் எங்க வீட்டுக்காரருதான்."

நான் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே நின்றேன். உதறி முடித்த பிறகும் உதறிக்கொண்டிருந்தேன்.

"இத நான் சொன்னேண்ணு அவருட்ட சொல்லாத. வீட்டுல எனக்கு இருக்க முடியாது" என்றும் சொன்னார்கள். ஆகையால் அவர்கள் பெயரை வெளியே விடாதீர்கள். உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அத்தான், அவமானப்படுத்த இதை எழுதவில்லை. நீங்கள் எந்த ஊருக்காக அடிபட்டீர்களோ அந்த ஊரைத் தோற்கடிக்க உங்களையே கொண்டுபோகிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள்
சுகிர்தபாய்


பாறசாலை,
22-1-1954

சுகிர்தத்துக்கு,

ஆப்பரேஷன் முடிந்து கிடக்கிற ஒரு பெண்பிள்ளை மயக்கத்தில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். முதலாளி வீட்டில் புருஷனுக்கும் மனைவிக்கும் ஆயிரம் இருக்கும்.

நான் நின்றால் ஓட்டைப் பிரிப்பதற்குத்தான் லாயக்கு என்று ராஜையாவின் ஆட்கள் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அதையே நீயும் எழுதுகிறாய். எனக்காக மாலை போடுகிறவர்கள் எல்லாரும் காசுக்குப் போடுகிறார்கள் என்றா நினைக்கிறாய்?

இனி தேர்தலைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். பிரேமாவின் படிப்பைப் பற்றி மட்டும் எழுது.

தேவகுமார்


பாறசாலை,
1-2-1954

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

பிரேமாவின் படிப்பைப் பற்றிக்கூட நீ எழுதவில்லை. தினமும் தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலுக்கு வருகிறேன். உன்மேல் குற்றம் இல்லை. அப்படி ஒரு கடிதத்துக்கு என்ன பதில் எழுத முடியும்?

நீ சொன்னது சரி. அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே மனதில் ஒரு முள் தைத்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. அதற்குப் பிறகு ஜீப் எங்கே போகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். குளத்தூர், செங்கல், திரும்பவும் குளத்தூர். எல்லாம் நம் போராட்டத்துக்கு ஆதரவான இடங்கள். ராஜையாவின் ஓட்டு இருக்கிற இடங்கள். வேலாயுதனுக்குச் செல்வாக்குள்ள பெருங்கடவிளைப் பக்கம் ஜீப் ஒருநாளும் திரும்பவில்லை. வியாழக்கிழமை டிரைவரிடம், "இன்னைக்கு பெருங்கடவிளைக்கு விடு" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சாரே, அந்தப் பக்கம் போக முதலாளி பெட்ரோல் தரமாட்டாரு" என்றான்.

நேரே மில்லுக்குப் போனேன். முற்றத்தில் வேலாயுதனின் ஜீப் நின்றது. எனக்குப் பெட்ரோல் ஊற்றுகிற அதே பீப்பாயிலிருந்து அதற்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முதலாளி மறைக்கவும் இல்லை. உட்காரச் சொல்லி இளநீர் வெட்டச் சொன்னார்.

"பெருங்கடவிளையில எனக்கு ஒரு கூட்டம் வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"அங்க வேலாயுதனுக்கு உள்ள ஓட்டைப் பிடிக்காம நான் எப்படி ஜெயிக்கது?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையிடம் பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னார். "வக்கீலே, ஒமக்கு ஜெயிக்கணுமா, நிக்கணுமா? நிக்கதுக்காக்கும் நான் செலவு செய்யுதது. நீரு நல்லா நில்லும். தேர்தல் முடிஞ்சா மில் கேஸெல்லாம் ஒமக்குத்தான். நானும் மறக்கமாட்டேன்."

இளநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். கிருஷ்ணம்மாவின் பெயர் என் வாயில் வரவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை.

நாமினேஷனை வாபஸ் வாங்குகிற தேதி முடிந்துபோயிற்று. நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சேவல் பெட்டி ஓட்டுச்சாவடியில் இருக்கும். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நெய்யூருக்கு வந்து உன்னோடு இருந்துவிடலாமா என்று நினைக்கிறேன். நாலு நாளாக ஜீப்பில் ஏறவில்லை. வெளியிலும் போகவில்லை.

தேவகுமார்


நெய்யூர்,
3-2-1954

பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டுப் பசியோடு சாப்பிட்டேன். பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

நெய்யூருக்கு வரவேண்டாம். உங்களைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் இங்கே வந்து படுத்துக்கொண்டால் சேவல் பெட்டி அங்கே உங்கள் பெயரால் வேலை செய்துகொண்டிருக்கும். நோட்டீஸ் ஒட்டியாயிற்று. மைக்கில் உங்கள் குரல் ஊர் முழுக்கக் கேட்டாயிற்று. எந்த வாயால் ஓட்டுக் கேட்டீர்களோ அதே வாயால் வேண்டாம் என்று சொல்லவேண்டும். மற்றவர் சொன்னால் மக்கள் நம்பமாட்டார்கள்.

ராஜையா அண்ணனைப் போய்ப் பாருங்கள். கமிட்டியில் அவர் தலைகுனிந்து இருந்தார் என்று எழுதினீர்கள். வெட்கம் இல்லாதவன் தலைகுனிய மாட்டான்.

கிருஷ்ணம்மா நேற்று வீட்டுக்குப் போனார்கள். போகும்போது பிரேமாவின் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்கள்.

வெறும் வயிற்றில் இருக்காதீர்கள். பிரேமாவுக்கு இப்போது 'ழ' எழுத வருகிறது. சொல்லத்தான் வரவில்லை.

உங்கள் பிரியமுள்ள
சுகிர்தபாய்


பாறசாலை,
8-2-1954

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

நேற்றுச் சந்தையில் எனக்காக ஏற்பாடு செய்திருந்த பெரிய கூட்டம். வழக்கம்போல் ஜீப் வந்தது, மைக் வந்தது, மேடைக்குக் குருத்தோலை கட்டினார்கள். முதலாளியின் ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எழுந்து, "இந்த மைக்கு யாருடையது தெரியுமா?" என்று தொடங்கினேன். பரமசிவன் முதலாளியுடையது. இந்த மேடையும் அவருடையது. வெளியே நிற்கிற ஜீப்பும் அவருடையது. வேலாயுதன் வருகிற ஜீப்பும் அவருடையதுதான். "என்னை நிறுத்தினது ராஜையாவைத் தோக்கடிக்கதுக்கு. இது தெரியாம உங்களிட்ட ஓட்டு கேட்டேன்" என்று சொன்னபோது மைக் நின்றுவிட்டது. மைக்காரன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். பிறகு பின்வரிசையில் யாரோ, "சாரே, சத்தமா சொல்லும்" என்றார்கள். மேடையைவிட்டு இறங்கி, மீன்காரிகள் உட்கார்கிற கல்லின்மேல் ஏறி, தொண்டை கிழியச் சொன்னேன். சேவல் பெட்டியில் ஒரு சீட்டும் போடாதீர்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். சந்தைப் பெண்கள் நடுவில் வந்து விலக்கினார்கள். அடி ஒன்றும் இல்லை. சட்டைதான் கிழிந்தது. நீ தைத்த வெள்ளைச் சட்டை.

அப்படியே நடந்து ராஜையாவின் வீட்டுக்குப் போனேன். அவன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"எலே, வந்தியா?" என்றான்.

"வந்தேன்."

"சட்டைய ஆரு கிழிச்சது?"

சொன்னேன். அவன் உள்ளே போய்த் தன் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் மனைவி ஞானபாய் கடுங்காப்பி கொண்டுவந்தாள். குடித்து முடித்தோம். பிறகு அவன், "கமிட்டியில நான் ஒனக்காகப் பேசியிருக்கணும். எனக்கும் எம்எல்ஏ ஆக ஆசை உண்டும்லா" என்றான். அவ்வளவுதான். ஆறு வாரமாக நெஞ்சில் கிடந்தது அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

அவனிடம் ஜீப் இல்லை. சைக்கிள்தான். செலவுக்கு என்ன செய்கிறான் என்று கேட்டேன். ஞானபாய் மூலையில் இருந்த சாக்கைக் காட்டினாள். நம் சபையில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்து வைப்பார்களே, அதேபோல் நாலு கிராமத்தில் பெண்கள் எடுத்து வைக்கிறார்கள். நம் சபைக்காரர் மட்டும் இல்லை, கோவிலுக்குப் போகிற வீடுகளிலிருந்தும் வருகிறது. அதைச் சந்தையில் விற்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். "இதுல ஆரும் என்னட்ட வந்து எனக்கெ அரிசி எங்கண்ணு கேக்கமாட்டாவ. எதாவது கேட்டா எல்லாருமாச் சேந்து கேப்பாவ. அது நல்லதுதானே" என்றான் ராஜையா.

நாளை முதல் நானும் சைக்கிளில்.

உன்
தேவகுமார்


பாறசாலை,
13-2-1954

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

ஒரு புதுக் கஷ்டம் வந்திருக்கிறது. உனக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

வீடுவீடாகப் போய் எனக்கு ஓட்டு வேண்டாம் என்று கேட்கிறேன். மக்கள் கேட்பதில்லை. செங்கலில் பொன்னப்பன் என்று ஒருவர், பனையேறுகிறவர். நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, "அப்பம் நீரு நிக்கல்லியா?" என்றார். பெட்டி நிற்கிறது, நான் நிற்கவில்லை என்றேன். "ஒமக்கு ஓட்டு வேண்டாமா?" வேண்டாம் என்றேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு, "ஏட்டி, இஞ்ச வா. ஓட்டு வேண்டாம்ணு சொல்லுத மனுசன இப்பதான் பாக்கேன். முதலாளிக்க ஜீப்பையே வேண்டாம்ணு எறிஞ்ச ஆளு. நம்ம ஓட்டு இவருக்குத்தான்" என்றார்.

விளையாட்டு இல்லை. போகிற இடமெல்லாம் இதே கதை. சந்தையில் நடந்தது ஊரெல்லாம் பரவிவிட்டது. நல்லவர், நல்லவர் என்கிறார்கள். ஜீப்பில் போனபோது எனக்குக் கிடைக்காத ஓட்டெல்லாம் இப்போது கிடைக்கும் போலிருக்கிறது. ராஜையாவின் முகம் வாடியிருக்கிறது. முதலாளி ஒரு சக்கரம் செலவு இல்லாமல் தன் காரியத்தை முடித்துக்கொள்வார். ஓட்டுப்போட இன்னும் பத்து நாள்கூட இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை.

உன்
தேவகுமார்


நெய்யூர்,
15-2-1954

பிரியமுள்ள அத்தானுக்கு,

சிரித்தேன். வார்டில் எல்லாரும் என்ன என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். மன்னியுங்கள்.

நீங்கள் மக்களிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கோர்ட்டில் பேசுவதுபோல். முதலாளி சூழ்ச்சி செய்தார், நான் ஜீப்பை எறிந்தேன், நான் உண்மையைச் சொன்னேன். கேட்கிறவர்களுக்குக் கடைசியில் நீங்கள்தான் மனதில் நிற்கிறீர்கள். இனி அப்படிச் சொல்லாதீர்கள். நான் ஏமாந்தவன் என்று சொல்லுங்கள். மாலையைக் கண்டு மயங்கினேன் என்று சொல்லுங்கள். எங்கிருந்து பணம் வருகிறது என்று வீட்டுக்காரி கேட்டதற்கு, ஊசி போடுகிறவளுக்கு என்ன தெரியும் என்று சொன்னேன் என்றும் சொல்லுங்கள். அவள் கோபித்துக்கொண்டு நெய்யூருக்குப் போய்விட்டாள் என்றும் சொல்லுங்கள்.

நல்லவருக்கு ஓட்டுப் போடுவார்கள். ஏமாந்த வக்கீலுக்கு யாரும் போடமாட்டார்கள். அதிலும் பெண்கள் ஒருவர்கூடப் போடமாட்டார்கள்.

ராஜையா அண்ணனைத் தனியே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போகவேண்டாம். இருவரும் ஒன்றாகப் போங்கள். நீங்கள் உங்கள் முட்டாள்தனத்தைச் சொல்லுங்கள், அவர் ஓட்டைக் கேட்கட்டும்.

பிரேமா சேவலுக்குப் பச்சை வர்ணம் அடித்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "அது ஓடிப் போகப்பிடாதுண்ணு கிளியாக்கினேன்" என்கிறாள்.

உங்கள் பிரியமுள்ள
சுகிர்தபாய்


பாறசாலை,
3-3-1954

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

நேற்று நெய்யாற்றின்கரையில் ஓட்டு எண்ணி முடித்தார்கள். ராஜையா ஜெயித்தான். வித்தியாசம் அறுநூற்றுச் சொச்சம். நான் தோற்றேன். கெட்டிவைத்த பணமும் போயிற்று.

நீ சொன்னபடியே செய்தேன். முதல் வீட்டில் சொல்லும்போது நாக்கு புரளவில்லை. மூன்றாவது வீட்டில் பழகிவிட்டது. வீட்டுக்காரி கேட்டதைச் சொல்லாமல் விட்டேனோ என்று நினைக்காதே, எல்லாவற்றையும் சொன்னேன். செங்கலில் பொன்னப்பனின் மனைவி குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ள சொன்னத கேட்டிருந்தா இந்த வெயிலுல சைக்கிள் சவுட்ட வேண்டாமே" என்றாள். புருஷனைப் பார்த்து, "ஓட்டு ராஜையாவுக்குத்தான்" என்றாள்.

எண்ணுகிற இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பெட்டியை மேஜையில் கவிழ்ப்பார்கள். ராஜையாவின் பெட்டியிலிருந்தும் வேலாயுதனின் பெட்டியிலிருந்தும் சீட்டு மடமடவென்று விழும். சேவல் பெட்டியைக் கவிழ்த்தால் நாலு சீட்டு, ஐந்து சீட்டு. குளத்தூரில் ஒரு பெட்டியைத் தட்டித்தட்டிப் பார்த்தார்கள், ஒன்றுமே விழவில்லை. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். ஒரு பெரிய அதிகாரி எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பிப் போனார். தோற்கிறவனுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்திருப்பார். எல்லாம் சேர்த்து இருநூறு சீட்டுகூட வரவில்லை. முதலாளி நினைத்ததுபோல் நான் நின்றிருந்தால் ராஜையாவின் அறுநூறு எங்கே இருந்திருக்கும்?

மில் கேஸ் கட்டுகளை எல்லாம் முதலாளி ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டார். வருமானம் பாதியாகும். அதைப் பிறகு யோசிக்கலாம். நேற்று இராத்திரி படுத்தவன் காலையில் பால்காரன் கூப்பிட்டுத்தான் எழுந்தேன். வயிற்றுவலி பத்து நாளாக இல்லை.

ஒரு மனு எழுதியிருக்கிறேன். டெல்லிக்கு அனுப்பப் போகிறேன். தேர்தலில் நிற்கிற எல்லாருக்கும் நோட்டீஸ் அச்சடிக்கவும், கூட்டம் போட இடமும் மைக்கும், ஊர்சுற்ற வண்டியும் சர்க்காரே ஒரே அளவில் கொடுக்கவேண்டும், வெளியே ஒரு முதலாளியிடமும் வாங்கக்கூடாது என்று. எல்லா வீட்டிலும் ஒரு பிடி எடுத்து ராஜையாவை நிறுத்தினார்களே, அதையே சர்க்கார் வரிப்பணத்தில் எல்லாருக்கும் செய்யட்டுமே என்றுதான் கேட்டிருக்கிறேன். ராஜையாவிடம் வாசித்துக் காட்டினேன். "எலே, பேனாவ இஞ்ச தா. எனக்கெ வாசல்ல இனி எவன் ஜீப்பு கொண்டு நிறுத்துவானோ. அதுக்கு முன்ன நான் ஒப்பு போட்டிருதேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

ஒன்று கேட்கவேண்டும். நம் பாறசாலை பள்ளிக்கூடத்துச் சாவடியில் என் பெட்டியில் மூன்று சீட்டு இருந்தது. யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். உன் ஓட்டும் அங்கேதான். அன்றைக்கு நீ காலை பஸ்ஸில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு டியூட்டிக்கு உடனே திரும்பினாய் என்று ஞானபாய் சொன்னாள். நான் அப்போது செங்கலில் இருந்தேன். அந்த மூன்றில் உன் கையும் உண்டா? இருந்தாலும் நான் கோபிக்க மாட்டேன்.

வீட்டுக்கு வா. என்னால் எழுத முடிவது இவ்வளவுதான்.

உன்
தேவகுமார்


நெய்யூர்,
6-3-1954

பிரியமுள்ள அத்தானுக்கு,

வார்டில் மெட்ரன் அம்மாவிடம், "எங்க அத்தான் தோத்துட்டாவ" என்று சொன்னேன். அவர்கள் "ஐயோ பாவம்" என்று என் தோளைத் தட்டினார்கள். நான் சிரித்ததைப் பார்த்து இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டார்கள். மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ.

வருகிற சனிக்கிழமை மத்தியானம் புறப்படுகிறோம். சாயங்காலத்துக்குள் பாறசாலை. வீட்டைப் பெருக்கி வையுங்கள். அரிசி நான் கொண்டுவருகிறேன். ஞானபாய் அக்காவும் அண்ணனும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிடட்டும்.

மில் கேஸ் போனதைப் பற்றி யோசிக்க வேண்டாம். என் சம்பளம் இருக்கிறது. உங்களுக்கும் கேஸ் வரும். சந்தையில் சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் இனி உங்களிடம்தான் வருவார்கள். அவர்களுக்கு உங்கள் குரல் தெரிந்துவிட்டது.

மனுவை அனுப்புங்கள். டெல்லியிலிருந்து பதில் வருவதற்குள் பிரேமாவுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடும். பரவாயில்லை, அனுப்புங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்று உங்களைப் பார்க்காமல் திரும்பியது வேண்டுமென்று இல்லை, பஸ் நின்றுகொண்டிருந்தது. மறைப்புக்குள் போனேன். மூன்று பெட்டியும் வரிசையாக இருந்தன. உங்கள் பெட்டி நடுவில். சீட்டை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அதன் முன்னால் நின்றேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் பெட்டியில் யாருமே போடாவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது. வெளியே சாவடி ஆபீசர் இருமினார்.

ராஜையா அண்ணனின் பெட்டியில்தான் போட்டேன். கல்யாணமான நாள் முதல், நீங்கள் சொன்னதை எதிர்ப்பேச்சு பேசாமல் நான் செய்தது அன்றைக்குத்தான்.

உங்கள் பிரியமுள்ள
சுகிர்தபாய்